சர்சினஸ்ல 28%, என்ஜிசி 4151-ல 5%: இந்த எக்ஸ்-ரே போலரைசேஷன் எங்கிருந்து வருது?

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக ஐக்ஸ்பீ (எக்ஸ்-ரேயோட போலரைசேஷன, அதாவது அலை எவ்ளோ தூரம் ஒரே திசையில அதிருதுன்னு அளக்கற நாசா செயற்கைக்கோள்) டேட்டா பாக்கற ஒரு வாசகர் கேட்டிருக்கார்: ரெண்டுமே சீஃபர்ட் கேலக்ஸி (நடுவுல இருக்கற பெரிய கருந்துளை வாயுவ விழுங்கறதால நடுப்பகுதி பளிச்சுனு இருக்கற கேலக்ஸி), அப்புறம் ஏன் இவ்ளோ வித்தியாசம்? கருந்துளைக்கு பக்கத்துல இருந்து வர்றதா, இல்ல சுத்தி இருக்கற வாயுவால வர்றதான்னு எப்படி பிரிக்கறது?

சதவீதத்த மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, கோணத்தையும் (அலை வானத்துல எந்தத் திசையில அதிருதுங்கறத) பாருங்க. என்ஜிசி 4151-ல கரோனாவோட (கருந்துளைக்கு பக்கத்துல எக்ஸ்-ரேய கிளப்பற சூடான எலக்ட்ரான் மேகம்) வெளிச்சமே நமக்கு வந்துடுது, போலரைசேஷன் 4.9%, கோணம் 86 டிகிரி, அது ரேடியோ ஜெட் (நடுவுல இருந்து பீச்சி அடிக்கற பாய்ச்சல்) போற திசையோட ஒத்துப்போகுது, அதனாலதான் கரோனா, கருந்துளைய சுத்தற வாயுத்தட்டான டிஸ்க்கை ஒட்டி தட்டையா பரவி இருக்கும்னு சொல்றாங்க. சர்சினஸ்ல அப்படி இல்ல. நமக்கும் நடுவுக்கும் இடையில டோரஸ், உளுந்து வடை மாதிரி வாயுவும் தூசியும் வளையமா நிக்குது, நேரா வர்ற எக்ஸ்-ரேய அடைச்சிடுது, வந்து சேர்றதெல்லாம் பெரும்பாலும் உள்சுவர்ல பட்டு தெறிச்சு வர்றதுதான். எலக்ட்ரான்ல பட்டு 90 டிகிரி திரும்பின ஒளி கிட்டத்தட்ட முழுசா போலரைஸ் ஆயிடும், ஆனா சுவரோட ஒவ்வொரு இடத்துல இருந்தும் வேற வேற கோணத்துல தெறிச்சது ஒண்ணா கலக்கறதால கடைசில 28%னு நிக்குது. கோணம் 18 டிகிரி, ஜெட்டுக்கு ஏறக்குறைய குறுக்க. அந்த ஒரு விஷயமே சுத்துப்புறம்தான் காரணம்னு காட்டிக்குடுத்துடுது.

ஒண்ணு கவனிங்க, 28% மொத்த வெளிச்சத்துக்கான எண் இல்ல, டோரஸ்ல தெறிச்ச பகுதிக்கு மட்டும் பிரிச்சு எடுத்தது, அதுலயும் 7 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதனால அத 4.9%ஓட நேரா ஒப்பிடாதீங்க.

வேலைய ஸ்பெக்ட்ரம்ல ஆரம்பிங்க. 6.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட்ல இரும்புக்கோடு உசந்து நின்னா தெறிப்பு அதிகம்னு அர்த்தம், ஆனா அந்தக் கோடு எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி கிளம்பறதால அதுக்கு போலரைசேஷன் கிடையாது, டிகாக்‌ஷன்ல தண்ணி ஊத்தின மாதிரி மத்ததையும் நீர்த்துப்போக வச்சிடும். அதனால 2–4, 4–6, 6–8 கிலோ எலக்ட்ரான்வோல்ட்னு பிரிச்சு தனித்தனியா பாருங்க. கிடைச்ச அளவு எம்டிபிக்கு (கண்டுபிடிக்க முடியற குறைஞ்சபட்ச போலரைசேஷன்) கீழ இருந்தா கோணத்த நம்பவே வேணாம், எம்சிஜி-05-23-16ங்கற இன்னொரு சீஃபர்ட் கேலக்ஸிக்கு மேல்வரம்பு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது.

வழியில இருக்கற தூசியும் ஃபாரடே சுழற்சியும் குழப்புமோன்னு கவலை வேணாம், எக்ஸ்-ரே அலைநீளத்துல அது ரெண்டும் கணக்குலயே வராது. என்ஜிசி 1068 டேட்டாவும் ஹீசார்க்ல (நாசாவோட எக்ஸ்-ரே டேட்டா காப்பகம்) இருக்கு, அதுவும் டோரஸ் மறைச்ச கேலக்ஸிதான், ஜெட் திசைய முதல்ல குறிச்சு வச்சுக்கிட்டு அதுல செஞ்சு பாருங்க.