கிரீன் கார்டுக்காரருக்கு ஜூரி சம்மன் வந்தால்

நியூ ஜெர்சியில் கிரீன் கார்டோடு (அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) இருக்கும் உங்களுக்கு ஜூரி சம்மன் (நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கான அழைப்பு) வந்திருக்கிறது; நண்பர் அதைக் குப்பையில் போடச் சொல்கிறார், உங்களுக்கோ கொலை வழக்கைப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். குடிமகன் அல்லாதவர் ஜூரியில் உட்கார முடியாது. ஆனால் பதில் அனுப்பாமல் விடக் கூடாது. சம்மனோடு வந்த தகுதிப் படிவத்தில் "அமெரிக்கக் குடிமகனா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று குறித்து, கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள். விலக்கு கிடைத்ததாகத் தகவல் வரும்வரை படிவத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். நண்பர் சொன்னபடி குப்பையில் போட்டால் அபராதம் வரை போகலாம்.

கிரீன் கார்டுதான் இருக்கிறது, பிறகு ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நியூ ஜெர்சியில் வாக்காளர் பட்டியலோடு ஓட்டுநர் உரிமம், மாநில வருமான வரிப் பட்டியல்களிலிருந்தும் பெயர் எடுக்கிறார்கள். உங்கள் பெயர் அநேகமாக உரிமம் வழியாக வந்திருக்கும்.

அப்புறம், இதை இன்றே பாருங்கள்: மாநிலத் தேர்தல் துறைத் தளத்தில் உங்கள் பெயர் வாக்காளராகப் பதிவாகியிருக்கிறதா? 2018 முதல் அங்கே உரிமம் எடுக்கும்போதே வாக்காளர் பதிவும் தானாக நடக்கிறது. அவசரத்தில் பதிவு வேண்டாம் என்று விலகத் தவறிய, குடிமகன் அல்லாதவர்கள் சிக்கலாம். பெயர் இருந்தால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். நீங்களாக எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கொலை வழக்கைப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆசையில் "ஆம்" என்று மட்டும் குறித்துவிடாதீர்கள். குடிமகன் என்று பொய் சொன்னால் நாடு கடத்தல் வரை போகும். வேடிக்கைதான் பார்க்க வேண்டும் என்றால், பெரும்பாலான கிரிமினல் விசாரணைகளைப் பார்வையாளர் பெஞ்சில் யாரும் உட்கார்ந்து பார்க்கலாம்.