அப்பாவின் கவுன் கடையில் என் சேமிப்பைப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. சென்னை புரசைவாக்கத்தில் அப்பா நடத்தும் கடையில் ஒன்பது வருடமாக ரிசப்ஷன் கவுன், லெஹங்கா டிசைன் செய்கிறேன். கணக்கு வழக்கெல்லாம் அண்ணன் கையில். மாதம் 25,000 ரூபாய் கைச்செலவுக்கு என்று தருவார்கள். சம்பளச் சீட்டு கிடையாது. இப்போது தி.நகரில் இரண்டாவது கடை போடுகிறார்கள். என் சேமிப்பு 9 லட்சத்தைக் கொடுத்தால் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வதாக அண்ணன் சொல்கிறார். வெளியே ஒரு நிறுவனம் 55,000 சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். கடையை விட்டு வந்துவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை.

உங்கள் உழைப்புக்கு வெளியே 55,000 தருகிறார்கள், வீட்டில் 25,000. இந்தக் கணக்கில் மாதம் 30,000 ரூபாயைக் கடையிலேயே விட்டு வருகிறீர்கள். மூன்று வருடத்துக்குப் பெருக்கினால் 10,80,000. அண்ணன் கேட்கும் தொகையைவிட அதிகம். இதைச் சண்டையாக்காமல் ஒரு தாளில் எழுதி அப்பாவிடமும் அண்ணனிடமும் காட்டுங்கள். குடும்பக் கடைகளில் பெரும்பாலும் யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை. மகள் ராத்திரி பதினொரு மணிவரை ஆரி எம்பிராய்டரிக்கு டிசைனை டிரேஸ் போட்டுக் கொடுப்பதை யாரும் நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

முதலில் சம்பளம். மாதாமாதம் வங்கிக் கணக்கில் வரட்டும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அந்தச் சம்பளச் சீட்டைத்தான் கேட்பார்கள்.

பங்குதாரர் என்பதில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1932 கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் பங்குதாரர் தன் வேலைக்குச் சம்பளம் கேட்க முடியாது. அதாவது, 9 லட்சமும் போட்டு, இப்போது வரும் 25,000-க்கும் உரிமை இல்லாமல் நிற்கலாம். கடை கடனில் விழுந்தால் உங்கள் நகை, வீடு வரை வரும். எல்எல்பி (பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் கூட்டாண்மை) முறையில் பொறுப்பு நீங்கள் போட்ட முதலோடு நிற்கும். ஆனால் வங்கிக் கடனுக்குத் தனி ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பும் போச்சு. எந்த முறையானாலும் சம்பளம், லாப விகிதம், விலகினால் பணம் எப்படித் திரும்பும் என்ற மூன்றும் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம், கடையின் மூன்று வருடக் கணக்கைக் கேளுங்கள். உங்கள் தொழிலில் 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: 2,500 ரூபாய்க்கு மேல் விற்கும் ஆடைக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதம். வரி நீங்கலாக 30,000 ரூபாய் கவுனுக்கு 3,600 ஆக இருந்த வரி இப்போது 5,400. கூடுதல் 1,800-ஐ வாடிக்கையாளர் தருகிறாரா, கடை தாங்குகிறதா? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, தி.நகர் வாடகைக்கு அந்த விடுமுறை கிடையாது. போன சீசனில் விற்காத கவுன்கள் ஹேங்கரில் எத்தனை தொங்குகின்றன என்று அண்ணனைவிட உங்களுக்குத்தான் தெரியும். அந்த எண்ணிக்கையையும் தாளில் எழுதுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் 3 லட்சம் வரை போடலாம். மீதியில் ஆறு மாதச் செலவுக்கான பணம் எஃப்டியில் இருக்கட்டும். உங்கள் பெயரில் மருத்துவக் காப்பீடு எடுங்கள், பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்குங்கள். அதில் வருடம் 1.5 லட்சம் வரை போடலாம். நகையை மட்டும் அடகு வைக்கவே வேண்டாம்.

கணக்கைக் காட்டத் தயங்கினார்கள் என்றால் வெளி வேலையில் சேருங்கள். புது நிறுவனம் சம்மதித்தால், அப்பா கடைக்குக் கல்யாண ஆர்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி, பில் போட்டு டிசைன் செய்து கொடுங்கள்.