அத்தை ஏன் பேசுவதில்லை?

கேள்வி: டப்ளினில் இருக்கிறோம். ஏழு வயது மகனுக்குத் துணையாக மதுரையிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக யாரிடமும் பேசாமல் அறையிலேயே இருக்கிறார், டிக்கெட் போடு என்கிறார். முன்பெல்லாம் போனில் ஒரே சத்தம். மகன் பள்ளியில் படித்த ஐரிஷில் "கியூனஸ்", அதாவது அமைதி, என்று கத்துவான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணவரும் சிரித்துவிடுவார். அத்தையை எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: குறை வைக்கவில்லை என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள், அதை விடுங்கள். போகிற போக்கில் "கணவரும் சிரித்துவிடுவார்" என்று எழுதினீர்களே, எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. பெற்ற தாயை ஏழு வயசுப் பிள்ளை வாயை மூடு என்கிறான், மகன் உட்கார்ந்து சிரிக்கிறார்!

பையன் ஐரிஷ் படிப்பது நல்லதுதான், அங்கே ஆரம்பப் பள்ளியில் அது எல்லாருக்கும் உள்ள பாடம். ஆனால் கியூனஸ் என்பது வகுப்பு கூச்சல் போடும்போது டீச்சர் போடும் அதட்டல், அதோடுகூட "லெ டோ ஹல்", தயவுசெய்து, என்று சேர்த்துச் சொல்கிற டீச்சர்கள் உண்டு. ஒண்ணுக்குப் போவதற்கே "அன் வில் கியாட் அகம்" என்று அனுமதி கேட்கப் பழக்குகிற பள்ளிக்கூடம் அது. இதெல்லாம் வீட்டுக்கு வரவில்லை, அதட்டல் மட்டும் வந்திருக்கிறது, ஏனென்றால் அதற்குத்தான் அப்பா சிரித்தார். அத்தைக்கு ஐரிஷ் தெரியாது, சரி. மகன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று தெரியாதா?

அந்தப் போன் சத்தத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். பையன் பள்ளி விட்டு வருகிற இரண்டரை மணி வாக்கில் ஊரில் இரவு ஏழு, எட்டு. அக்கா தங்கைகள் அடுப்படி வேலை முடித்துப் போனை எடுக்கிற நேரமே அதுதான். நாள் முழுக்கப் பேச ஆளில்லாத வீட்டில் அந்த அரை மணி நேரத்தையும் பிடுங்கிவிட்டு, சமாதானப்படுத்த வழி கேட்கிறீர்கள்.

மன்னிப்பு நீங்கள் கேட்க வேண்டாம், மருமகள் கேட்டால் அது உபசாரம். உங்கள் கணவர் கேட்கட்டும், பையன் கண் முன்னால், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து. மீட்டிங் இருந்தால் அவர் கதவைச் சாத்திக்கொள்ளட்டும், அத்தை ஹாலிலேயே பேசட்டும். அப்புறமும் ஊருக்குத்தான் போவேன் என்றால் டிக்கெட் போட்டுக் கொடுங்கள். பையனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லி நிறுத்தப் பார்க்காதீர்கள்.