முள் அசையலைன்னு பயப்படாதீங்க, அந்த 11 மணி நடுக்கத்தை கவனிங்க

எடை மெஷின் முள் ஏன் 6 வாரமா அசையலைன்னு நீங்க கேட்டது வேற, நான் முதல்ல சொல்லப்போறது வேற. கடிதத்தோட கடைசில, போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க. காலைல 11 மணி வாக்குல கை நடுங்குது, குப்புன்னு வேர்க்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, எதையாவது சாப்பிட்டா கொஞ்ச நேரத்துல சரியாயிடுதுன்னு. அதுக்கு விளக்கமும் நீங்களே குடுத்துட்டீங்க, கொழுப்பு கரையும்போது அப்படித்தான் இருக்கும்னு ஒரு வீடியோல சொன்னாங்களாம்.

இல்லம்மா. கொழுப்பு கரையும்போது யாருக்கும் கை நடுங்காது. அது லோ சுகர். சர்க்கரை தாழ்ந்து போய் மூளைக்கு பத்தாம, உடம்பு அபாயமணி அடிக்குது, அதான் அந்த வேர்வை, அந்த படபடப்பு. நீங்க எழுதினதுலயே நான் உடனே கவனிக்கச் சொல்றது இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்.

ஏன் வருதுன்னு உங்க கடிதத்துலயே இருக்கு. உங்களுக்கு 51 வயசு, 9 வருஷமா சுகர், பிபியும் உண்டு. காலைல மெட்ஃபார்மினும் க்ளிமிப்பிரைடும் சேர்ந்த ஒரே மாத்திரை. பிபிக்கு டெல்மிசார்டனோட நீர் மாத்திரை சேர்ந்தது. 4 மாசத்துல 86 கிலோல இருந்து 79க்கு வந்துட்டீங்க. கடைசி 6 வாரமா முள் அசையலைன்னு கடுப்பாகி, அதே வீடியோவைப் பாத்து 16 மணி நேர விரதம் ஆரம்பிச்சிருக்கீங்க. காலை சாப்பாடு கட், ஆனா மாத்திரை மட்டும் வழக்கம்போல காலைலயே. அங்கதான் சிக்கல்.

மெட்ஃபார்மின் மட்டும் இருந்திருந்தா நான் இவ்வளவு பதறமாட்டேன், அது தனியா போட்டா சர்க்கரையை அபாயமா இறக்கறது ரொம்ப அபூர்வம். க்ளிமிப்பிரைடு அப்படி இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அது பாக்காது, கணையத்தை உசுப்பி இன்சுலினை சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். வயிறு காலி, உள்ள இன்சுலின் ஓடுது, அதுக்கு மேல விரதத்தோடயே அரை மணி நேரம் நடைப்பயிற்சி வேற. 11 மணிக்கு சர்க்கரை எங்க இருக்கும்? க்ளிக்லசைடு, க்ளிபென்க்ளமைடுன்னு இதே வகை மாத்திரையோ, இன்சுலின் ஊசியோ எடுக்கறவங்களுக்கும் இதே கதைதான். அந்த வீடியோல பேசறவருக்கு உங்க மருந்துச்சீட்டுல என்ன இருக்குன்னு தெரியுமா? தெரியாம எப்படி அவர் பேச்சைக் கேட்டு காலை சாப்பாட்டை நிறுத்தினீங்க?

நாளைல இருந்து காலை சாப்பாடு திரும்ப வரணும், இதுல பேச்சே இல்ல. க்ளிமிப்பிரைடு இருக்கற மாத்திரையை போட்டுட்டு சாப்பிடாம இருக்கவே கூடாது. நாளைக்கே உங்க டாக்டருக்கு போன் பண்ணி நடந்ததை சொல்லுங்க, அடுத்த மாச அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. அவர் சொல்றபடி டோஸை குறைங்க. பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நீங்களா நிறுத்திடாதீங்க, அது இன்னொரு பக்கம் இழுத்து விட்டுடும்.

நடுக்கம் திரும்ப வந்தா, கையில சுகர் மெஷின் இருந்தா உடனே குத்திப் பாருங்க. 70க்கு கீழ இருந்தா லோ சுகர், 54க்கு கீழ போனா ஆபத்தான அளவு. மெஷின் பக்கத்துல இல்லைன்னா தேடிக்கிட்டு நேரத்தை விடாதீங்க, லோ சுகர்னே எடுத்துக்கிட்டு 15 கிராம் க்ளூகோஸ் பவுடர், அதாவது சுமாரா 3 டீஸ்பூன், தண்ணில கலந்து குடிங்க. 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை குடிங்க, ஏறின பிறகு ஒழுங்கா ஒரு சாப்பாடு. சாக்லேட் வேணாம், அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரை ரத்தத்துல ஏறறதை தாமதப்படுத்தும். சில கூட்டு மாத்திரைல வோக்லிபோஸ்னு ஒண்ணு சேர்ந்திருக்கும், அது இருந்தா வீட்டு சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, க்ளூகோஸ்தான் வேணும், அதனால அட்டையை எடுத்து ஒருதரம் படிச்சுப் பாருங்க. ஒரு தடவை சரியாயிடுச்சுன்னு விட்டுடவும் கூடாது, இந்த வகை மாத்திரைல சர்க்கரை சில மணி நேரம் கழிச்சு திரும்பவும் இறங்கும், அன்னிக்கு முழுக்க ஒரு கண்ணு வச்சிருக்கணும். வீட்ல இருக்கறவங்ககிட்டயும் சொல்லி வைங்க. நீங்க குழறிப் பேசினாலோ, காரணமில்லாம எரிஞ்சு விழுந்தாலோ, முழிக்காம கிடந்தாலோ அது லோ சுகரா இருக்கலாம். நினைவு இல்லாதப்ப வாயில எதையும் ஊத்தக்கூடாது, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடணும்.

இன்னொண்ணு, படுக்கைல இருந்து எந்திரிச்சா கண்ணு இருட்டிட்டு வருதுன்னு எழுதியிருக்கீங்க, அதை ரத்த சோகைன்னு முடிவு பண்ணி மெடிக்கல் ஷாப்ல நீங்களே இரும்புச்சத்து மாத்திரை வாங்கிட்டீங்க. பரிசோதனை பண்ணாம ஏம்மா இதெல்லாம்? இதுல எனக்கு முதல் சந்தேகம் பிபி மாத்திரை மேலதான். எடை குறைஞ்சா பிபியும் குறையும், தோராயமா ஒரு கிலோவுக்கு மேல் அளவு ஒரு புள்ளின்னு கணக்கு. சாப்பாடு குறைஞ்சா உப்பும் குறையுது, விரதத்துல தண்ணியும் குறையுது, அதுக்கு மேல நீர் மாத்திரை வேற. வீட்ல பிபி மெஷின் இருந்தா 5 நிமிஷம் படுத்திருந்து ஒரு தடவை பாருங்க, எந்திரிச்சு நின்னு 1 நிமிஷத்துல ஒரு தடவை, 3வது நிமிஷத்துல ஒரு தடவை. நிக்கும்போது மேல் அளவு 20 இல்லன்னா கீழ் அளவு 10 இறங்கினா அந்த மயக்கத்துக்கு காரணம் கிடைச்சாச்சு. எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.

இப்ப நீங்க உண்மையிலேயே பயப்படற விஷயத்துக்கு வரேன். 6 வாரமா 79லயே நிக்குது, இவ்வளவு கஷ்டப்பட்டதெல்லாம் வீணா, என் உடம்பு இனி மாறவே மாறாதான்னு கேட்டிருக்கீங்க. வீணே இல்ல. உங்க கடிதத்தை படிக்கும்போது எனக்கு சந்தோஷமாதான் இருந்துச்சு, ஏன்னா நீங்க குறை சொல்றதுக்கு நடுவுல எழுதின ஒவ்வொண்ணும் நல்ல சேதி. மோதிரம் லூசாயிடுச்சு. குறட்டை நின்னுபோச்சுன்னு வீட்டுக்காரர் சொல்றார். ராத்திரி 3 தடவை பாத்ரூம் போயிட்டிருந்தது ஒண்ணாயிடுச்சு. மாடி ஏறும்போது முட்டி வலிக்கறதில்ல. இடுப்பு 102 செ.மீ.ல இருந்து 94. மூணு மாச சராசரி, அதான் ஹெச்பிஏ1சி, 8.2ல இருந்து 6.3. இதை எழுதிட்டு "ஆனா வெயிட்தான் குறைய மாட்டேங்குது டாக்டர்"னு முடிக்கறீங்க!

முட்டியை எடுத்துக்கங்க. முட்டி தேய்மானம் இருக்கறவங்களை வச்சு பண்ணின ஆய்வுல, உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற சுமை சுமாரா 4 கிலோ குறையுதுன்னு பாத்திருக்காங்க. நீங்க 7 கிலோ குறைச்சிருக்கீங்க, ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி நடக்கறீங்கன்னு கணக்கு போட்டுப் பாருங்க. குறட்டை நின்னதும் தூக்கத்துக்கு மட்டும் நல்லதில்ல. தூக்கத்துல மூச்சு தடைபட்டு தடைபட்டு வந்திருந்தா பிபி ஏறும், காலைல தலை கனக்கும், ராத்திரி மூத்திரம் கூட அதிகமா போகும். உங்களுக்கு அந்த பாத்ரூம் நடை குறைஞ்சதுக்கு சர்க்கரை குறைஞ்சது ஒரு காரணம், மூச்சு சீரானது இன்னொரு காரணமா இருக்கலாம்.

இடுப்பு 8 செ.மீ. குறைஞ்சதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. வயித்துக்குள்ள குடலைச் சுத்தியும் கல்லீரலுக்குள்ளயும் சேர்ற கொழுப்புதான் சுகரையும் பிபியையும் ஏத்தறது, எடை குறைய ஆரம்பிச்சா அது சீக்கிரமே கரைய ஆரம்பிக்கும். மொத்த எடைல 5 சதவீதம் போனாலே கல்லீரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்குது, நீங்க 8 சதவீதம் குறைச்சிருக்கீங்க. ஆனா டேப்பை தொப்புளுக்கு மேல இழுத்துக் கட்டி அளக்காதீங்க. விலாவோட கடைசி எலும்பை விரலால தடவிப் பாத்து, இடுப்பெலும்போட மேல் விளிம்பையும் தொட்டுப் பாத்து, ரெண்டுக்கும் நடுவுல டேப்பை சுத்தி, வயித்தை எக்காம சாதாரணமா மூச்சை விட்டு முடிக்கும்போது அளக்கணும். நம்ம உடல்வாகுக்கு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 செ.மீ.ன்னு வரம்பு வச்சிருக்காங்க, 94ல இருந்து போகவேண்டிய தூரம் இருக்கு, இருந்தாலும் திசை சரி. மாசம் ஒரு தடவை அளந்தா போதும்.

முள் ஏன் நிக்குதுன்னா, முதல் சில வாரத்துல வேகமா இறங்கினதுல நல்ல பங்கு தண்ணிதான். உடம்பு சேமிச்சு வச்சிருக்கற ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் 3 கிராம் அளவு தண்ணியை பிடிச்சு வச்சிருக்கும், சாப்பாட்டை குறைச்சதும் ரெண்டும் சேர்ந்து போயிடும், அதைப் பாத்து இதே வேகம் கடைசி வரைக்கும் வரும்னு மனசு நம்பிடும். அப்புறம் உடம்பு சின்னதாயிட்டா அதுக்கு வேண்டிய எரிசக்தியும் குறையுது, அதனால 86 கிலோல எடையை குறைச்ச அதே சாப்பாடு 79 கிலோல எடையை அப்படியே நிறுத்தி வைக்கும். இதுக்கு நடுவுல கொஞ்சம் உப்பு கூடினா, மலச்சிக்கல் இருந்தா, மாதவிடாய் நேரமா இருந்தா ஒரு கிலோ ரெண்டு கிலோ இப்படி அப்படி ஆடும். ரெண்டு மாசமா ரப்பர் பேண்ட் வச்சு தசைப்பயிற்சி வேற பண்றீங்க, அதை மட்டும் விட்டுடாதீங்க. க்ளினிக்ல மெஷின்ல ஏறறதுக்கு முன்னாடி வாட்ச், பர்ஸ், மூக்குக்கண்ணாடி வரைக்கும் கழட்டி வைக்கறவங்களை தினமும் பாக்கறேன், அதே ஆளுகிட்ட போன மாசம் பிபி எவ்வளவுன்னு கேட்டா தெரியாது. வாரம் ஒரு நாள், காலைல, அதே நேரத்துல பாருங்க, போதும்.

ஒண்ணை நல்லா புரிஞ்சுக்கங்க, அந்த நல்ல சேதியும் 11 மணி நடுக்கமும் வேற வேற இல்ல. 86 கிலோவும் 8.2ம் இருந்தப்ப உங்களுக்கு எழுதின டோஸ் அது. இன்னிக்கு உங்க உடம்புல இன்சுலின் நல்லா வேலை செய்யுது, அதே டோஸ் இப்ப அதிகமாயிடுச்சு, விரதம் அதை இன்னும் மோசமாக்கிடுச்சு, அவ்வளவுதான். பிரிட்டன்ல நடந்த டைரக்ட் (DiRECT)ங்கற ஆய்வு 2017ல வெளியாச்சு, சுகர் வந்து 6 வருஷத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு சில மாசம் தினம் சுமாரா 850 கலோரி உணவு குடுத்தாங்க, ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு மருந்தே இல்லாம சுகர் கட்டுக்குள்ள வந்துச்சு. அந்த சேதி எல்லா வீடியோலயும் வருது. அந்த ஆய்வுல முதல் நாளே சுகர் மாத்திரையையும் பிபி மாத்திரையையும் மருத்துவ கண்காணிப்புல நிறுத்திட்டுத்தான் உணவை குறைச்சாங்கங்கறதை யாரும் சொல்றதில்ல. உங்களுக்கு 9 வருஷம் ஆச்சு, அதனால அதே பலன் வரும்னு நான் வாக்கு குடுக்கமாட்டேன், ஆனா மாத்திரை குறையறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு.

முடி கொட்டறது, சீக்கிரம் எடை குறைஞ்சா 2, 3 மாசம் கழிச்சு வரும், தானா நிக்கும், புரதம் குறையாம பாத்துக்கங்க, 6 மாசம் தாண்டியும் கொட்டினா காட்டுங்க. குளிர் தாங்கலைங்கறது, தோல் தொங்கறது, இதுக்கெல்லாம் கவலையே வேணாம்.

உங்க அக்கா போடற தைராய்டு மாத்திரையை பாதி உடைச்சுப் போட்டா எடை இறங்குமான்னு கேட்டிருக்கீங்க. தொடவே தொடாதீங்க. தைராய்டு டெஸ்ட்ல உங்க டிஎஸ்ஹெச் 2.8ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது நார்மல். தேவையில்லாம தைராய்டு ஹார்மோன் போட்டா தசை கரையும், எலும்பு தேயும், இதயத்துடிப்பு தாறுமாறாகும், இதெல்லாம் சுலபமா வர்ற வயசுலதான் இருக்கீங்க. எடை குறைக்கற ஊசியைப் பத்தியும் கேட்டீங்க, சிலருக்கு நல்ல மருந்துதான், ஆனா க்ளிமிப்பிரைடோட சேர்ந்தா லோ சுகர் வாய்ப்பு இன்னும் கூடும், டாக்டர் டோஸ் மாத்தாம அதை நெட்ல ஆர்டர் பண்றது கூடவே கூடாது.

டாக்டர்கிட்ட போகும்போது 79 கிலோன்னு பேச்சை ஆரம்பிக்காதீங்க. நடுக்கம் எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, அப்ப சர்க்கரை எவ்வளவு, படுத்த பிபி, நின்ன பிபி, இதை எழுதிட்டுப் போங்க. க்ளிமிப்பிரைடு எனக்கு இனியும் வேணுமா, நீர் மாத்திரை இல்லாம டெல்மிசார்டன் மட்டும் போதுமான்னு நேரா கேளுங்க. அந்த 6.3ல லோ சுகர் நேரத்து அளவும் கலந்திருக்கலாம்னு அவருக்கு தெரியணும், அதனால நடுக்கத்தை மறைக்காதீங்க. கிட்னி டெஸ்ட் எடுத்து வருஷம் ஆச்சுன்னா க்ரியாட்டினினும் பாக்கச் சொல்லுங்க, அது ஏறியிருந்தா க்ளிமிப்பிரைடு உடம்புலயே ரொம்ப நேரம் தங்கிடும்.

வண்டி ஓட்டுவீங்களான்னு எழுதல. ஓட்டறவங்களா இருந்தா டோஸ் மாத்தி, நடுக்கம் முழுசா நிக்கற வரைக்கும் ஓட்டாதீங்க, வேற யாராவது கூட்டிட்டுப் போகட்டும்.