வெள்ளைத் துணிக்கு ஏற்ற பூவேலை

வணக்கம். சேலத்தில் வாங்கிய வெள்ளைக் கைத்தறித் துணி ஏற்காட்டு வீட்டில் காத்திருக்கிறது, சங்கிலித் தையலும் நன்றாக வருகிறது, ஆனால் கைப்பேசியில் கிடைக்கும் ரோஜா வடிவங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன, முன்தானையில் வேறு என்ன தைக்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள்.

முதலில் நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் செய்யும் பூவேலையைப் பாருங்கள். அந்தப் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், பாவு, ஊடை இழைகளை எண்ணியே, சிவப்பு, கறுப்பு நூல்களால் கோலங்களை எழுப்புகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. பாலஸ்தீனத்தின் தத்ரீஸ் தையலும் எண்ணித் தைப்பதுதான். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அக்கலையில், அவர்கள் மண்ணின் சைப்ரஸ் மரம் சிறுசிறு குறுக்குத் தையல்களாக உயர்ந்து நிற்கும்.

அந்த மரத்தை அப்படியே எடுக்காமல், அவர்கள் கண்ணெதிரே நின்றதைத் தைத்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. உங்கள் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தையும், அதைப் பற்றி ஏறும் மிளகுக் கொடியையும், இலைக்கணுவில் கொத்தாக ஒட்டியிருக்கும் காப்பிப் பழங்களையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் என்று கணக்கிடுங்கள்.

துணி நெருக்கமான நெசவாக இருந்தால் இழை எண்ணுவது கண்ணுக்குப் பெரும் சிரமம். அப்படியானால் ஜப்பானியச் சாஷிக்கோவைப்போல வெறும் ஓட்டுத் தையலில், பென்சிலால் கோடிட்டுத் தைக்கலாம். முன்தானைக்கு முன் ஒரு கைக்குட்டையில் தைத்துப் பாருங்கள். சிவப்பு நூலை நனைத்துச் சாயம் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.