பிர்ரஸ் ஜெயிச்சும் ஏன் தோத்தாரு?

பையனோட ஸ்கூல் பேச்சுக்கு கிரேக்கத்துப் பக்கம் இருந்த எபைரஸ் நாட்டு ராஜா பிர்ரஸ எடுத்திருக்கீங்க, இத்தாலியில ரோமோட மோதி கி.மு. 280ல ஹெராக்ளியா, 279ல அஸ்குலம்னு ரெண்டு போரும் ஜெயிச்சவரு எப்படி தோத்தாருன்னு புரியலன்னு கேட்டிருந்தீங்க. எல்லாம் ஆள் கணக்குதாங்க. ரோம்ல செத்தவங்களுக்கு பதிலா உடனே புது ஆளுங்க வந்துட்டே இருந்தாங்க, இவரு கடல் தாண்டி கூட்டிட்டு வந்த பழகின வீரர்களும் தளபதிகளும் போனா போனதுதான், இன்னொரு தடவ இப்படி ஜெயிச்சா நாம அழிஞ்சோம்னு அவரே சொன்னதா சொல்வாங்க. நடுவுல சிசிலிக்கு வேற போயிட்டு, 275ல பெனவென்டம் போருக்கு அப்புறம் ஊர் திரும்பிட்டாரு.

அவரோட முடிவையும் கண்டிப்பா சேருங்க, மனச பிசையும். 272ல ஆர்கோஸ்ங்கிற கிரேக்க நகரத்து தெருவுல நெருக்கியடிச்சு சண்ட, வாசல்ல ஒரு யானை விழுந்து வழிய அடைச்சுக்கிச்சு, தன் மகனோட மோதுறாரேன்னு பதறின ஒரு கிழவி கூரையிலருந்து ஓட்ட எடுத்து ரெண்டு கையாலயும் வீசினா, அது அவரு கழுத்துல விழுந்துச்சு.