குழாய் புதைத்தால் வெள்ளம் கூடுமா, குறையுமா?

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருசம் கான் (வடிகால்) வெட்டும் வேலையைப் பார்த்தவன் நான். என் மகன் அமெரிக்காவில், அயோவாவில் படிக்கிறான். சோள வயலுக்கு அடியில் புதைத்த வடிகால் குழாய்கள் ஆற்றை என்ன செய்கின்றன என்று கணினியில் கணக்குப் போடுகிறான். குழாய் இருந்தால் வெள்ளம் தணியுமாம். தண்ணீரைச் சீக்கிரம் வடித்துவிட்டால் ஆறு பொங்காதா?
– வாசகர், நிபோங் திபால், மலேசியா

பதில்: ஐயா, உங்கள் தோட்டத்துப் பிந்து ஆயரை (கானின் மதகுக் கதவை) நினைத்துப் பாருங்கள். கடல் வற்றும்போது கதவைத் திறந்து கானைக் காலியாக்கி வைப்பீர்கள் அல்லவா? ராத்திரி மழைக்கு இடம் கிடைக்கும். மகன் சொல்வதும் அதைத்தான். அங்கே சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள். (முன்பு சுட்ட மண்குழாய், அதனால் இன்றும் 'டைல்' என்றே பெயர்.) அவை நிலத்தடி நீர்மட்டத்தை இறக்கி வைக்கின்றன, அடுத்த மழையை மண் குடித்துக்கொள்கிறது. இறுகிய களிமண்ணில், நடுத்தர மழைக்கு, ஆற்று வெள்ளத்தின் உச்சம் தணியும்.

நீர் எளிதில் இறங்கும் மண்ணில் கதை வேறு. மண்ணுக்குள் மெல்லக் கசிந்து போயிருக்க வேண்டிய நீருக்குக் குழாய் குறுக்குவழி ஆகிவிடும்; அங்கே உச்சம் ஏறலாம். ஆகவே நீங்களும் தோற்கவில்லை. ஊறிப்போன நிலத்தில் பெருமழை கொட்டினால் இரண்டு பேர் பேச்சும் எடுபடாது; குழாயின் விட்டம் விடுகிற அளவுதான் வடியும். உரத்தின் நைட்ரேட்டும் கூடவே ஆற்றுக்குப் போகும், அது தனித் தலைவலி.

எனக்கு உறுத்துவது கணக்குதான். மழைநீர் ஆற்றுக்குப் போகும் கணக்கைப் போடும் 'ஸ்வாட்' (SWAT) போன்ற கணினி மாதிரிகள் குழாயின் ஆழம், மண் வடிய எத்தனை மணி நேரம், அந்த நீர் ஆற்றை அடைய எவ்வளவு தாமதம் என்று கேட்கும். ஆனால் எந்த வயலில் குழாய் புதைந்திருக்கிறது என்பதற்குப் பல இடங்களில் வரைபடமே கிடையாது. மண்ணையும் சரிவையும் பயிரையும் பார்த்து ஊகிக்கிறார்கள். ஆற்றில் அளந்த நீரோடு விடை பொருந்திவிட்டால் போதும் என்று தோன்றும். மேலோடிய நீரைக் கூட்டி, குழாய் நீரைக் குறைத்துப் போட்டாலும் கூட்டுத்தொகை ஏறக்குறைய அதேதான் வரும்!

வடிகால் கணக்குப் பார்த்த காலத்தில் நானும் அப்படி ஒரு பொருத்தத்தில் மயங்கி, வரைபடத்தில் இல்லாத ஒரு கானைக் கோட்டைவிட்டேன். மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்தான் கைநீட்டிக் காட்டினார்.

மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஆற்றில் அளந்ததோடு நிறுத்திக்கொண்டானா, குழாய் வாயிலும் அளந்து பார்த்தானா?